பால்வீதி கரைத்துக்கொண்ட குறுங்கேலக்ஸிகள்: எச்சங்களை எப்படி அடையாளம் காண்பது?

கேள்வி இது: பால்வீதி தன்னைச் சுற்றியிருந்த சிறு கேலக்ஸிகளை விழுங்கி வளர்ந்தது என்கிறார்கள். அப்படி விழுங்கப்பட்டவற்றின் விண்மீன்கள் இப்போது எங்கே? ஆயிரம் கோடி ஆண்டுகளுக்கு முன் நடந்ததை எதை வைத்துச் சொல்கிறார்கள்? விண்மீன்களின் இடத்தையும் நகர்வையும் அளந்த கையா விண்கலத்தின் தரவு எல்லோருக்கும் திறந்திருக்கிறதே, அதில் நாமே பார்க்க முடியுமா?

மூன்றுக்கும் அடியில் இருப்பது ஒரே விஷயம்தான். ஒரு விண்மீன் தான் எங்கே பிறந்தது என்பதை எவ்வளவு காலம் காட்டிக்கொடுக்கும்? வானில் அது இருக்கும் இடம் சில நூறு கோடி ஆண்டுகளில் எதையும் சொல்லாமல் போய்விடும். அதன் வேகமும் சுற்றுப்பாதையும் இன்னும் நெடுங்காலம் தாங்கும். அதன் மேற்பரப்பில் உள்ள தனிமங்களின் விகிதமோ ஏறக்குறைய மாறுவதே இல்லை. இடம், வேகம், வேதியல் என்ற இந்த மூன்று சாட்சிகளில் ஒன்றை மட்டும் விசாரித்துவிட்டுத் தீர்ப்பு சொன்ன பல ஆய்வுகள் பிறகு திருத்தப்பட்டிருக்கின்றன. அதனால் எங்கே தவறு நேர்கிறது என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

முதலில் அந்த 'விழுங்குதல்' என்ற சொல். அதைக் கேட்டதும் விண்மீன்கள் ஒன்றோடொன்று மோதி நொறுங்குவதாகத் தோன்றும். அப்படி நடப்பதில்லை. விண்மீன்களின் பருமனோடு ஒப்பிட்டால் அவற்றுக்கிடையே உள்ள தூரம் அவ்வளவு பெரிது. இரண்டு கேலக்ஸிகள் ஒன்றுக்குள் ஒன்று புகுந்தாலும் விண்மீன்கள் முட்டிக்கொள்ளாமல் கடந்துபோகும். சிறு கேலக்ஸியைக் குலைப்பது ஓத விசை. கடலில் ஓதத்தை எழுப்பும் அதே விசைதான். சிறு கேலக்ஸியின் அருகுப் பக்கத்தைப் பால்வீதி அதிகமாக இழுக்கிறது, மறுபக்கத்தைக் குறைவாக இழுக்கிறது. அந்த வேறுபாடு, சிறு கேலக்ஸி தன் விண்மீன்களைப் பிடித்து வைத்திருக்கும் ஈர்ப்பை எந்தத் தொலைவில் மிஞ்சுகிறதோ அங்கிருந்து விண்மீன்கள் கழன்றுபோகும்.

அந்தத் தொலைவைக் கையாலேயே கணக்கிடலாம். சிறு கேலக்ஸியின் நிறையை, அதன் பாதைக்கு உட்பட்ட பால்வீதி நிறையின் மூன்று மடங்கால் வகுங்கள். வந்த விடைக்குக் கனமூலம் எடுத்து, மையத்திலிருந்து அது இருக்கும் தூரத்தால் பெருக்குங்கள். உதாரணமாக 10 கோடி சூரிய நிறை கொண்ட ஒரு குறுங்கேலக்ஸி, மையத்திலிருந்து 1 லட்சம் ஒளியாண்டு தூரத்தில் இருக்கிறது என்று வையுங்கள். அதற்கு உட்பட்ட பால்வீதி நிறை, கரும்பொருளையும் (ஒளி தராமல் ஈர்ப்பால் மட்டும் தெரியும் பொருள்) சேர்த்து, சுமார் 30,000 கோடி சூரிய நிறை. விகிதம் 9,000-ல் ஒரு பங்கு, கனமூலம் சுமார் 21-ல் ஒரு பங்கு. ஆக அந்தக் கேலக்ஸி தன்னைச் சுற்றி 4,800 ஒளியாண்டு வரைதான் தன் விண்மீன்களைக் காப்பாற்றிக்கொள்ள முடியும். அது 50,000 ஒளியாண்டுக்கு நெருங்கி வரும்போது உட்பட்ட நிறையும் ஏறக்குறைய பாதியாகிவிடும். மறுபடி கணக்கிட்டால் எல்லை 3,000 ஒளியாண்டாகச் சுருங்கியிருக்கும். ஒவ்வொரு முறை மையத்தை நெருங்கும்போதும் ஓரத்து விண்மீன்கள் ஒரு தவணையாக உதிர்வது இதனால்தான். முதலில் கழல்வது வெளிப்புறத்தில் இருக்கும் கரும்பொருள். விண்மீன்களின் முறை பிறகுதான் வருகிறது.

உதிர்ந்தவை எங்கே போகின்றன என்பதில் பலரும் குழம்பும் இடம் ஒன்று உண்டு. பால்வீதி மையத்தின் பக்கமாகக் கழன்ற விண்மீன்களுக்கு ஆற்றல் சற்றுக் குறைவு. அதனால் அவை உள்ளே தள்ளிய, சிறிய சுற்றுப்பாதைக்கு இறங்குகின்றன. சிறிய பாதையை விரைவாகச் சுற்றி முடிக்கலாம், ஆகவே அவை தாய்க் கேலக்ஸிக்கு முன்னால் ஓடுகின்றன. வெளிப்பக்கமாகக் கழன்றவை ஆற்றல் கூடிய பெரிய பாதைக்கு ஏறி, மெதுவாகச் சுற்றிப் பின்தங்குகின்றன. இப்படித்தான் முன்னோடும் கை, பின்தொடரும் கை என்று இரண்டு நீண்ட வால்கள் உருவாகின்றன. இவற்றைத்தான் விண்மீன் ஓடை என்கிறோம். வால்மீனின் வாலைப் போல இது ஒரு பக்கம் மட்டும் நீள்வதில்லை. ஓடை தாயின் பாதையை அப்படியே தடம் பிடிப்பதும் இல்லை. முன்கை சற்று உள்ளே, பின்கை சற்று வெளியே. இந்தச் சிறு விலகலை மறந்து, ஓடை என்பது ஒற்றைச் சுற்றுப்பாதை என்று எடுத்துக்கொண்டு பால்வீதியின் நிறையைக் கணக்கிட்டால் விடை ஒருபக்கமாகச் சாயும்.

இப்போது கண்முன்னே நடந்துகொண்டிருக்கும் ஒன்றைப் பார்ப்போம். 1994-ல் இபாட்டா, கில்மோர், இர்வின் மூவரும் பால்வீதியின் நடுப்புடைப்பிலுள்ள விண்மீன்களின் வேகங்களை அளந்துகொண்டிருந்தார்கள். நடுப்புடைப்பு விண்மீன்களின் வேகங்கள் தாறுமாறாகப் பரவியிருக்கும். ஆனால் தனுசு திசையில் சில இடங்களில் வினாடிக்குச் சுமார் 140 கி.மீ. வேகத்தில் நம்மைவிட்டு விலகும் ஒரு கூட்டம் மட்டும் ஒன்றாக, மிகக் குறுகிய பரவலோடு தனித்து நின்றது. நடுப்புடைப்புக்கும் அப்பால், நம்மிடமிருந்து 80,000 ஒளியாண்டுக்கு மேலான தூரத்தில், ஒரு முழுக் கேலக்ஸி கலைந்துகொண்டிருந்தது. அதுதான் தனுசுக் குறுங்கேலக்ஸி. அத்தனை பெரிய பொருள் அதுவரை கண்ணில் படாததற்குக் காரணம் எளிது. முன்னால் நிற்கும் பால்வீதி விண்மீன்களின் நெரிசல் அதை மூடியிருந்தது. இடம் என்ற சாட்சி அங்கே வாயே திறக்கவில்லை, காட்டிக்கொடுத்தது வேகம்.

அதன் ஓடை முழுவதும் தெரியவந்தது 2003-ல். டூமாஸ் என்ற அகச்சிவப்பு வானளவையில் சிவந்த பெருவிண்மீன்களை மட்டும் பிரித்தெடுத்து மஜெவ்ஸ்கியின் குழு வரைபடம் போட்டபோது, வானத்தையே சுற்றிக் கட்டிய பட்டை ஒன்று வெளிப்பட்டது. பால்வீதியின் தட்டுக்கு ஏறக்குறைய செங்குத்தாக, மேலும் கீழுமாக அது சுற்றுகிறது. மூன்று ஆண்டு கழித்து ஸ்லோன் வானளவையின் தரவில் பெலகூரவ் குழு வட வானத்தை வரைந்தபோது தனுசு ஓடையே இரு கிளையாகப் பிரிந்து தெரிந்தது. அருகில் வேறு ஓடைகளும் குறுக்கும் நெடுக்குமாக ஓடின. அந்தப் படத்துக்கு அவர்கள் இட்ட பெயர் 'ஓடைகளின் வயல்'. தனுசுக் குறுங்கேலக்ஸி தன் விண்மீன்களோடு கோளக் கொத்துகளையும் (உருண்டையாக நெருங்கித் திரண்ட விண்மீன் கூட்டங்கள்) நமக்குக் கொடுத்திருக்கிறது. எம் 54, டெர்சான் 7, டெர்சான் 8, ஆர்ப் 2, பாலோமர் 12 ஆகியவை அதன் சொத்து.

ஓடை என்றாலே கேலக்ஸியின் எச்சம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. கோளக் கொத்து ஒன்று கரைந்தாலும் ஓடைதான் வரும். 2001-ல் பாலோமர் 5 என்ற கொத்திலிருந்து இருபுறமும் வால் நீள்வது கண்டுபிடிக்கப்பட்டது. 2006-ல் கிடைத்த ஜி.டி.-1 ஓடையும் கொத்து வகையைச் சேர்ந்ததுதான். இரண்டையும் பிரித்தறிய மூன்று அளவைகள் உண்டு. கொத்தின் ஓடை மெலிந்த கோடு, அகலம் சில நூறு ஒளியாண்டுக்குள் அடங்கும். கேலக்ஸியின் ஓடை ஆயிரக்கணக்கான ஒளியாண்டு அகலம் கொள்ளும். கொத்தின் ஓடையில் வேகப் பரவல் வினாடிக்கு ஓரிரு கி.மீ.தான், கேலக்ஸியின் ஓடையில் பெரும்பாலும் 5 முதல் 15 கி.மீ. வரை இருக்கும். மூன்றாவது அளவைதான் தீர்ப்பானது: கொத்தின் விண்மீன்கள் அத்தனையிலும் இரும்பின் அளவு ஏறக்குறைய ஒன்றே. கேலக்ஸியில் பல தலைமுறை விண்மீன்கள் பிறந்திருக்கும், அதனால் இரும்பு அளவு ஒன்றுக்கொன்று இரண்டு மூன்று மடங்கும் அதற்கு மேலும் வேறுபடும். அகலத்தை மட்டும் நம்பாதீர்கள். கொத்தின் ஓடையும் ஏதாவது இடைஞ்சலில் பட்டு அகன்றிருக்கலாம்.

2018-ல் டார்க் எனர்ஜி சர்வே என்ற வானளவை தென் வானில் 11 புதிய ஓடைகளை அறிவித்தது. அவற்றுள் நான்குக்குச் சிந்து, ஜீலம், செனாப், ராவி என்று நதிகளின் பெயர்கள். அந்தச் செனாபுக்கு ஒரு தொடர்ச்சி இருக்கிறது. வட வானில் அதற்கு முன்பே 'அனாதை ஓடை' என்ற ஒன்று தெரியும். எந்தக் கேலக்ஸியிலிருந்து வந்தது என்று தாய் தெரியாததால் அந்தப் பெயர். 2019-ல் கபோசவ் குழு ஆர்ஆர் லைரே வகை மாறொளி விண்மீன்களை (உண்மைப் பிரகாசம் தெரிந்ததால் தூரம் கணக்கிட உதவுபவை) கையா தரவில் தொடர்ந்து சென்றபோது, வடக்கே உள்ள அனாதையும் தெற்கே உள்ள செனாபும் ஒரே ஓடை என்று தெரிந்தது. நீளம் வானில் சுமார் 210 பாகை. அதைவிட முக்கியமான இன்னொன்றும் தெரிந்தது. தென்பகுதியில் விண்மீன்களின் நகர்வு ஓடையின் போக்கோடு ஒத்துப்போகவில்லை, பக்கவாட்டில் சாய்ந்திருந்தது. பால்வீதியின் அருகுக் கேலக்ஸியான பெரிய மெகல்லானிய மேகம் அதைப் பக்கமாக இழுத்திருக்கிறது. எவ்வளவு இழுப்பு என்பதிலிருந்து எர்கால் குழு அந்த மேகத்தின் நிறையைக் கணக்கிட்டது: சுமார் 13,800 கோடி சூரிய நிறை, அதாவது பால்வீதியின் நிறையில் பத்தில் ஒரு பங்குக்குக் குறையாது. செத்துப்போன ஒரு கேலக்ஸியின் எச்சத்தை வைத்து, உயிரோடிருக்கும் இன்னொரு கேலக்ஸியை எடை போட்டுவிட்டார்கள். இந்தத் துறையில் எனக்கு மிகவும் பிடித்த அளவீடு இதுதான்.

இதுவரை சொன்னவை எல்லாம் கண்ணுக்கு வடிவம் தெரியும் எச்சங்கள். மிகப் பழைய எச்சங்களுக்கு வடிவம் கிடையாது. ஏன் என்பதற்கு ஒரு வட்டமான ஓட்டப்பந்தயத் தடத்தை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரே கோட்டிலிருந்து நூறு பேர் கிளம்புகிறார்கள். ஒருவருக்கொருவர் வேகம் 5 சதவீதம் வேறுபட்டாலும், வேகமானவர் 20 சுற்று முடிக்கும்போது மெதுவானவர் ஒரு முழுச் சுற்று பின்தங்கியிருப்பார். அதன் பிறகு யார் எங்கே கிளம்பினார்கள் என்பது தடத்தைப் பார்த்துத் தெரியாது, எங்கும் ஆள் இருப்பார்கள். சூரியன் இருக்கும் தூரத்தில் ஒரு சுற்றுக்கு 22 முதல் 24 கோடி ஆண்டு ஆகிறது. 1,000 கோடி ஆண்டில் 40 சுற்றுக்கு மேல். ஓடை என்னும் வடிவம் அதற்குள் முழுவதும் கரைந்துவிடும்.

ஆனால் தடத்தின் ஓரத்தில் ஒரே இடத்தில் நின்று, கடந்துபோகிறவர்களின் வேகத்தை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். அங்கே எல்லா வேகமும் இருக்காது. குறிப்பிட்ட சில வேகங்கள் மட்டுமே இருக்கும், ஏனென்றால் அந்த நேரத்தில் அந்த இடத்துக்கு வந்து சேரக்கூடியவர்கள் அந்த வேகக்காரர்கள்தான். இடத்தில் பரவப் பரவ, வேகத்தில் மெலிந்துகொண்டே போகும். 1999-ல் அமினா ஹெல்மியும் கூட்டாளிகளும் சூரியனுக்கு அருகிலுள்ள விண்மீன்களில் கண்டுபிடித்தது இதைத்தான். ஹிப்பார்கோஸ் விண்கலத்தின் அளவீடுகளில், ஒரே கோண உந்தம் (மையத்தைச் சுற்றும் இயக்கத்தின் அளவு) கொண்ட ஒரு சிறு கூட்டம் தட்டை மேலும் கீழுமாகத் துளைத்துக்கொண்டு போனது. வானில் அவை நாலா திசையிலும் சிதறிக் கிடந்தன. வேக வரைபடத்தில் மட்டும் ஒன்றுகூடி நின்றன. இன்று அவற்றை ஹெல்மி ஓடைகள் என்கிறோம்.

இதன் பெரிய உதாரணம் 2018-ல் வந்தது. அந்த ஆண்டு ஏப்ரல் 25 அன்று கையாவின் இரண்டாம் தரவுத் தொகுப்பு வெளியானது. 130 கோடிக்கு மேற்பட்ட விண்மீன்களுக்கு இடமாறு தோற்றமும் (பூமி சூரியனைச் சுற்றும்போது விண்மீன் தள்ளித் தெரியும் சிறு கோணம், தூரம் இதிலிருந்துதான் வருகிறது) பக்க நகர்வும் (வானில் குறுக்கே நகரும் அளவு) ஒரே நாளில் கையில் கிடைத்தன. அதற்குச் சற்று முன்பு, கையாவின் முதல் தொகுப்போடு ஸ்லோன் தரவைச் சேர்த்துப் பெலகூரவ் குழுவும், அது வெளியான பிறகு இரண்டாம் தொகுப்பை வைத்து ஹெல்மி குழுவும் ஒரே முடிவுக்கு வந்தன. சூரியனைச் சுற்றியுள்ள ஹாலோ விண்மீன்களில் பெரும்பகுதி ஒரே ஒரு கேலக்ஸியிலிருந்து வந்தவை. தட்டுக்கு மேலும் கீழும் சுற்றிலும் பரந்திருக்கும் உருண்டையான பகுதியைத்தான் ஹாலோ என்கிறோம். அந்தக் கேலக்ஸிக்குக் கையா-என்சலடஸ் என்று ஒரு தரப்பும், கையா சாஸேஜ் என்று மறுதரப்பும் பெயர் வைத்தன. இப்போது இரண்டையும் சேர்த்தே எழுதுகிறார்கள். இரண்டாவது பெயருக்குக் காரணம் வரைபடத்தின் உருவம். மையத்தைச் சுற்றும் வேகத்தை ஓர் அச்சிலும், மையத்தை நோக்கியும் விலகியும் ஓடும் வேகத்தை மறு அச்சிலும் வைத்தால், தட்டு விண்மீன்கள் 200 கி.மீ.க்கு மேல் ஒரு குமிழாகத் திரளும். இந்த வந்தேறிகளோ சுற்றும் வேகம் சுழியை ஒட்டி, மறு அச்சில் இருபுறமும் சுமார் 400 கி.மீ. வரை நீண்டு படுத்திருக்கும். அதாவது அவை மையத்தைச் சுற்றவில்லை, மையத்தின் ஊடாகப் போய்ப் போய்த் திரும்புகின்றன. நேருக்கு நேர் மோதிய ஒரு பெரிய கேலக்ஸியால்தான் இத்தனை விண்மீன்களை இப்படி ஒரே மாதிரிப் பாதையில் விட்டுச்செல்ல முடியும். மோதல் நடந்தது 800 கோடி முதல் 1,100 கோடி ஆண்டுகளுக்கு முன். இந்தக் காலத்தை அதன் விண்மீன்களின் வயதிலிருந்து எடுக்கிறார்கள். அங்கே விண்மீன் பிறப்பு நின்றுபோன காலத்தை ஒட்டித்தான் கேலக்ஸியும் கரைந்திருக்க வேண்டும்.

இங்கே ஓர் அளவைச் சரியாக மனதில் வைக்க வேண்டும். பால்வீதியின் மொத்த விண்மீன் நிறை சுமார் 5,000 கோடி சூரிய நிறை. ஹாலோவில் இருப்பது அதில் ஓரிரு சதவீதம். ஆகவே 'விழுங்கி வளர்ந்தது' என்பது ஹாலோவுக்கு உண்மை, தட்டுக்கு அல்ல. நம் விண்மீன்களில் மிகப் பெரும்பாலானவை இங்கேயே, பால்வீதியின் வாயுவிலிருந்து பிறந்தவை. சூரியன் தனுசுக் குறுங்கேலக்ஸியிலிருந்து வந்தது என்று அவ்வப்போது பரவும் செய்தியும் தவறு. சூரியன் ஏறக்குறைய வட்டமான பாதையில், தட்டோடு சேர்ந்து சுற்றுகிறது. ஒரு சாட்சி கேட்டாலே போதும், வழக்கு முடிந்துவிடும்.

மூன்றாவது சாட்சியான வேதியலுக்கு வருவோம். மக்னீசியம் போன்ற தனிமங்கள் பெரும்பாலும் கனமான விண்மீன்கள் வெடிக்கும்போது வருகின்றன. அவை பிறந்து சில கோடி ஆண்டுகளுக்குள் வெடித்துவிடும். இரும்பில் பெரும்பங்கு வெண்குறுமீன்கள் (எரிந்து அடங்கிய விண்மீன்களின் கருக்கள்) வெடிக்கும் ஒன்று-ஏ வகை மீயொளிர் வெடிப்புகளிலிருந்து வருகிறது. அவற்றுக்குப் பத்துக் கோடியிலிருந்து நூறு கோடி ஆண்டுகள் வரைகூட ஆகும். பெரிய கேலக்ஸி வேகமாக விண்மீன்களைப் பெற்றுத்தள்ளும், ஆகவே இரும்பு வந்து சேருவதற்குள் அங்கே மொத்த உலோக அளவு (வானியலில் ஹீலியத்தைவிடக் கனமான எல்லாத் தனிமமும் உலோகம்தான்) நிறைய ஏறியிருக்கும். சிறு கேலக்ஸி மெதுவாக நகரும். உலோக அளவு இன்னும் குறைவாக இருக்கும்போதே ஒன்று-ஏ வெடிப்புகளின் இரும்பு வந்து கலந்துவிடும். விளைவு: ஒரே இரும்பு அளவில் ஒப்பிட்டால், சிறு கேலக்ஸி விண்மீனில் மக்னீசியம் குறைவு. 2010-ல் நிசனும் ஷூஸ்டரும் 94 விண்மீன்களின் நுண்ணிய நிறமாலைகளை வைத்து, ஹாலோவில் மக்னீசியம் அதிகமான கூட்டம், குறைவான கூட்டம் என இரண்டு இருப்பதைக் காட்டிவிட்டார்கள். கையா வருவதற்கு நெடுங்காலம் முன்பே சாட்சி சொல்லிவிட்டது. அந்தக் குறைவான கூட்டம்தான் இன்று கையா-என்சலடஸ் என்று அறியப்படுவது. இரு கூட்டத்துக்கும் வேறுபாடு முப்பது நாற்பது சதவீதம்தான். உங்கள் நிறமாலை அளவீட்டின் பிழையே 25 சதவீதம் என்றால் இரண்டும் கலந்து ஒன்றாகிவிடும். இந்த வேலைக்கு 10 சதவீதத் துல்லியமாவது வேண்டும். அலுமினியமும் கைகொடுக்கும். குறுங்கேலக்ஸி விண்மீன்களில் அது தெளிவாகவே குறைவு.

இனி நீங்களே பார்ப்பது எப்படி என்று சொல்கிறேன். கையா ஆவணகத்தின் இணையப் பக்கத்தில் மூன்றாம் தொகுப்பைத் தேர்ந்தெடுத்து, ஏ.டி.க்யூ.எல். என்ற வினவல் மொழியில் கேட்க வேண்டும். முழுத் தொகுப்பில் 180 கோடி பதிவுகள் இருப்பதால் வடிகட்டும் நிபந்தனைகளை வினவலுக்குள்ளேயே எழுதுங்கள், இறக்கிய பிறகு வடிகட்டலாம் என்று நினைக்காதீர்கள். நான்கு நிபந்தனைகள் போதும். இடமாறு தோற்றம் 0.4 மில்லி ஆர்க்செகண்டுக்கு (ஒரு மில்லி ஆர்க்செகண்ட் என்பது பாகையில் 36 லட்சத்தில் ஒரு பங்கு) மேல், அதாவது சுமார் 8,000 ஒளியாண்டுக்குள். இடமாறு தோற்றம் அதன் பிழையைப்போல் 10 மடங்குக்கு மேல். ரூவே என்ற தரக்குறியீடு 1.4-க்குக் கீழ், இல்லையென்றால் இரட்டை விண்மீன்கள் நுழைந்து அளவைக் கெடுக்கும். பால்வீதித் தளத்திலிருந்து 30 பாகைக்கு மேல் விலகிய திசைகள் மட்டும், தளத்தை ஒட்டிய தூசு நிறத்தைச் சிவப்பாக்கிவிடும் என்பதால்.

பக்கவாட்டு வேகத்துக்கு, வருடத்துக்கு எத்தனை மில்லி ஆர்க்செகண்ட் நகர்கிறது என்பதை 4.74-ஆல் பெருக்கி, மில்லி ஆர்க்செகண்டில் உள்ள இடமாறு தோற்றத்தால் வகுங்கள். விடை வினாடிக்குக் கி.மீ. அது 200-க்கு மேல் உள்ளவற்றை மட்டும் எடுத்து நிறம்-பிரகாச வரைபடம் போடுங்கள். உண்மைப் பிரகாசத்துக்கு, கையாவின் ஜி மேக்னிட்யூடோடு (பிரகாச எண்) இடமாறு தோற்றத்தின் பத்தடிமான மடக்கையை ஐந்தால் பெருக்கிச் சேர்த்து 10-ஐக் கழித்தால் போதும். முதன்மை வரிசை (ஹைட்ரஜனை எரிக்கும் சாதாரண விண்மீன்கள் அமையும் பட்டை) ஒற்றைக் கோடாக வராது, அருகருகே இரண்டு கோடுகளாக வரும். நீலப் பக்கக் கோட்டில் இருப்பவை உலோகம் குறைந்தவை, பெரும்பாலும் கையா-என்சலடஸிலிருந்து வந்தவை. இதற்கு நிறமாலை எதுவும் தேவையில்லை. அந்த இரண்டு கோடுகள் திரையில் பிரிந்து நிற்பதைப் பார்க்கும்போது, ஒரு கேலக்ஸி இருந்ததற்கான தடயம் உங்கள் கண்முன்னே இருக்கிறது.

சிவப்புப் பக்கக் கோட்டைப் பார்த்து ஏமாறாதீர்கள். அவையும் 200 கி.மீ.க்கு மேல் ஓடுகின்றன, ஆனாலும் வெளியிலிருந்து வந்தவை அல்ல. பால்வீதியின் பழைய தட்டில் பிறந்து, அந்த மோதலில் தெறித்து ஹாலோவுக்குப் போனவை. வேகம் மட்டும் கேட்டால் இவையும் வந்தேறிகள் என்றுதான் தோன்றும், இரும்பையும் மக்னீசியத்தையும் கேட்டால் உள்ளூர் என்று தெரியும்.

அடுத்த படி, மேலே சொன்ன நீண்ட உருவத்தை வரைவது. அதற்கு நம்மை நோக்கியும் விலகியும் செல்லும் வேகமும் வேண்டும். மூன்றாம் தொகுப்பில் 3.3 கோடி விண்மீன்களுக்கு அது இருக்கிறது. பைத்தானில் ஆஸ்ட்ரோபை, கால்பை, காலா போன்ற தொகுதிகள் ஆயத்தொலைவு மாற்றத்தைச் செய்துதரும். நிரல் எழுத வராதவர்கள் டாப்கேட் மென்பொருளிலேயே வரைபடங்களைப் போடலாம்.

தவறு பெரும்பாலும் இந்த மாற்றத்தில்தான் நேர்கிறது. கையா தரும் வலவேற்ற (வானில் கிழக்கு மேற்கு) நகர்வில் நடுவரை விலக்கத்தின் (வடக்கு தெற்குக் கோணம்) கோசைன் ஏற்கெனவே பெருக்கப்பட்டிருக்கும். மறுபடி பெருக்கினால் துருவங்களுக்கு அருகே அந்தத் திசை வேகம் சுருங்கி, இல்லாத கூட்டங்கள் தோன்றும். சூரியன் மையத்திலிருந்து இருக்கும் தூரம் சுமார் 26,700 ஒளியாண்டு, அதன் மொத்தச் சுற்றுவேகம் வினாடிக்கு 245 கி.மீ.க்கு மேல். பழைய நூல்களில் உள்ள 220 என்ற எண்ணைச் சூரியனின் வேகமாகப் போட்டுவிட்டால், சுற்றாத கூட்டம் எதிர்த்திசையில் சுற்றுவதுபோல் வரும். சில தொகுதிகளில் முதல் அச்சு மையத்தை நோக்கி, சிலவற்றில் மையத்திலிருந்து வெளியே. கோண உந்தத்தின் குறி அதனால் தலைகீழாகிவிடும். உடனே சரிபார்க்க வழி: தட்டு விண்மீன்கள் எல்லாம் ஒரே குறியோடு பெரும் மதிப்பில் திரள வேண்டும். நீங்கள் எடுத்துக்கொண்ட மரபுக்கு எதிரான குறியில் திரண்டால் அச்சைத் திருப்புங்கள். பிறகு, ஆவணகத்து இடமாறு தோற்றத்தில் சராசரியாக 0.017 மில்லி ஆர்க்செகண்ட் குறைவு இருக்கிறது என்பது, மிகத் தொலைவில் இருப்பதால் இடமாறு தோற்றமே இல்லாத குவேசார்களை வைத்துத் தெரியும். 8,000 ஒளியாண்டுக்குள் அது பெரிய சேதம் செய்யாது, தூரம் கூடக் கூடக் கடிக்கும்.

தூரத்துக்கு ஒரு வரம்பு இருக்கிறது என்பதையும் மறக்காதீர்கள். 20-ம் மேக்னிட்யூட் விண்மீனில் இடமாறு தோற்றத்தின் பிழை சுமார் 0.5 மில்லி ஆர்க்செகண்ட். 33,000 ஒளியாண்டு தூரத்து விண்மீனின் உண்மை மதிப்பே 0.1-தான். தலைகீழாக்கினால் வரும் எண்ணுக்கு அர்த்தமே கிடையாது. பக்க நகர்விலும் அதே அளவு பிழை, 65,000 ஒளியாண்டில் அது வினாடிக்கு 47 கி.மீ. பிழையாகிவிடும். அதனால்தான் தூரத்து ஓடைகளுக்கு ஆர்ஆர் லைரே போன்ற, உண்மைப் பிரகாசம் தெரிந்த விண்மீன்களை நாடுகிறார்கள்.

வரைபடத்தில் ஒரு கட்டி தெரிந்துவிட்டால் அதற்கு உடனே ஒரு கேலக்ஸியின் பெயரைச் சூட்டிவிடும் ஆசைதான் இந்தத் துறையின் பெரிய பலவீனம் என்பது என் கருத்து. ஹெர்குலஸ் கூட்டம் என்று சூரியனருகே ஒரு வேகக் கூட்டம் உண்டு. அதன் விண்மீன்களின் உலோக அளவு சாதாரணத் தட்டைப் போன்றது. பால்வீதியின் நடுவில் உள்ள விண்மீன் பட்டை சுழலும்போது ஒத்ததிர்வில் அவற்றைத் திரட்டி வைத்திருக்கிறது, அவ்வளவுதான். முக்கோணம்-ஆந்திரமேதை மேகம் என்று ஹாலோவின் திசையில் தெரிந்த ஒன்றை நெடுங்காலம் சிதைந்த கேலக்ஸி என்றார்கள். 2018-ல் நிறமாலை எடுத்துப் பார்த்தபோது தனிமங்கள் தட்டோடு ஒத்துப்போயின. எதனாலோ தூக்கி எறியப்பட்ட நம் தட்டு விண்மீன்கள். இன்னொரு பக்கம், ஒரே மோதலே வேக வரைபடத்தில் பல கட்டிகளை உண்டாக்க முடியும் என்று கணினி மாதிரிகள் காட்டுகின்றன. எதிர்த்திசையில் ஓடும் செக்கோயா, தாம்னோஸ் முதலிய பெயர்கள் எல்லாம் தனித்தனிக் கேலக்ஸிகளா, அல்லது கையா-என்சலடஸின் ஓரத்துச் சிதறல்களா என்ற வாக்குவாதம் அதனால்தான் இன்னும் நடக்கிறது.

2024-ல் கியாதி மல்ஹனும் ஹான்ஸ்-வால்டர் ரிக்ஸும் அறிவித்த சக்தி, சிவன் என்ற இரு அமைப்புகளையும் இந்தக் கண்ணோடுதான் பார்க்க வேண்டும். ஒவ்வொன்றும் சுமார் 1 கோடி சூரிய நிறை, விண்மீன்களின் வயது 1,200 முதல் 1,300 கோடி ஆண்டு. பால்வீதி உருவான தொடக்கத்தில் ஒன்றுகூடிய துண்டுகளாக இவை இருக்கலாம் என்றார்கள். சுழலும் பட்டையின் ஒத்ததிர்வே இப்படி இரண்டு திரட்சிகளை உண்டாக்கிவிடும் என்று வேறு குழு உடனே மறுமொழி வைத்தது. தனிமங்களும் இங்கே எளிதில் தீர்ப்பு தருவதில்லை. அவ்வளவு பழைய காலத்தில் பெரிய கேலக்ஸிக்கும் சிறிய கேலக்ஸிக்கும் வேதியல் இன்னும் பிரியத் தொடங்கவில்லை. பெயர் அழகாக இருக்கிறது, ஆனாலும் 'இரண்டு கேலக்ஸிகளை விழுங்கியதற்குச் சான்று' என்று எழுதுவது அவசரம்.

கையா 2025 ஜனவரி 15-ல் அளப்பதை நிறுத்திவிட்டது, ஆனால் அளந்தது இன்னும் முழுதாக வெளிவரவில்லை. நான்காம் தொகுப்பை 2026 டிசம்பரில் வெளியிட ஐரோப்பிய விண்வெளி முகமை திட்டமிட்டிருக்கிறது. பயிற்சியை இப்போதே மூன்றாம் தொகுப்பில் தொடங்கினால் அதே நிரலை அன்று மறுபடி ஓட்டலாம். தெரிந்த ஓடைகளின் பாதைகள் கால்ஸ்ட்ரீம்ஸ் என்ற திறந்த தொகுதியில் இருக்கின்றன. ஒரு திரட்சி கிடைத்தால் முதலில் அதனோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

திரை வேண்டாம், வானத்தில் எதையாவது நேரில் பார்க்க வேண்டும் என்றால் இரண்டு இலக்குகள் சொல்கிறேன். தனுசுவின் சீட்டா விண்மீனுக்கு மேற்கே ஒன்றரைப் பாகை, தெற்கே அரைப் பாகை தள்ளி எம் 54 இருக்கிறது. மெசியர் 1778-ல் குறித்தது. பிரகாசம் சுமார் 7.6 மேக்னிட்யூட், சிறிய தொலைநோக்கியில் விண்மீனாகவே தெரியும் நடுப்புள்ளியும் சுற்றிலும் மங்கலான பஞ்சும். தனித்தனி விண்மீனாகப் பிரியாது, ஏனென்றால் அது இருப்பது அத்தனை தூரத்தில், தனுசுக் குறுங்கேலக்ஸியின் மையத்தில். இன்னொன்று சென்டாரஸில் உள்ள ஒமேகா சென்டாரி. நகர வெளிச்சம் இல்லாத தென் வானில் வெறும் கண்ணுக்கே மங்கலான விண்மீனாகத் தெரியும். தூரம் சுமார் 17,000 ஒளியாண்டு, நிறை சுமார் 40 லட்சம் சூரியன்கள். கொத்து என்ற பெயர் இருந்தாலும் அதன் விண்மீன்களில் இரும்பு ஒரே அளவில் இல்லை, பத்து மடங்குக்கு மேல் வேறுபடுகிறது. மேலே சொன்ன மூன்றாவது அளவையை இதற்குப் பொருத்திப் பாருங்கள். அதனால்தான் இதை வெளிப்புறம் முழுவதும் உரிந்துபோன ஒரு குறுங்கேலக்ஸியின் கரு என்று கருதுகிறார்கள். அதிலிருந்து கழன்ற விண்மீன்களின் ஓடையை 2019-ல் கையா தரவில் கண்டுபிடித்து, ஃபிம்பல்தூல் என்று பெயரிட்டிருக்கிறார்கள். 100 மி.மீ. விட்டத் தொலைநோக்கியில் 60 அல்லது 80 மடங்கு உருப்பெருக்கம் வைத்தால், ஓரத்திலிருந்து உள்நோக்கி அதன் விண்மீன்கள் ஒவ்வொன்றாகப் பிரியத் தொடங்கும்.